கடைசிப் பெட்டி வரைக்கும்

மலேசியாவில் கிள்ளானுக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனை எண்பதுகளில் நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் நடத்தினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நீராவி வண்டி ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும். நான் டிக்கெட் கொடுப்பேன். தண்டவாளம் ரோட்டைக் கடக்கும் இடத்தில் கேட்டை மூடித் திறக்க அண்ணன் ஒருவர் இருந்தார். பானை வயிறு, உடைந்த முன்பல், தலையில் நிற்காத தொப்பி. வண்டி போகையில் ஒவ்வொரு பெட்டிக்கும் கையாட்டுவார், ஆளில்லாத பெட்டிக்கும்தான்.

ஒருநாள் கேட் மூடியிருந்தபோது, செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து டிரைவர் இரும்புக் கம்பியோடு இறங்கினான்.

"பொம்ம ரயிலுக்கு நான் நிக்கணுமா? தொறய்யா!"

"வண்டி வருது லா. நில்லு."

அவன் சங்கிலியை உடைக்கப் போனான். அவர் தடுத்தார். கம்பி அவர் நெற்றியைப் பிளந்தது. உடனே அவனைச் சட்டையோடு பிடித்து லோரிக் கதவில் மோதினார். மறுபடியும் மோதினார். அவன் மூக்கு உடைந்தது. நான் ஓடிப்போய் இழுத்தும் பிடி தளரவில்லை.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஜன்னல்களில் பிள்ளைகள் கையாட்டினார்கள். ஒரு கையால் அவன் கழுத்தைக் கதவோடு அழுத்தியபடியே மறுகையை உயர்த்தி, கண்ணில் ரத்தம் வழிய, கடைசிக் காலிப் பெட்டி வரைக்கும் ஆட்டினார். சிரிக்கவும் செய்தார்.

பிறகு அவனை விட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

"வெளையாட்டு வண்டிக்கு இவ்ளோ அடியாண்ணே?" என்றேன்.

"வண்டிதான் வெளையாட்டு. அதுல அடிபட்டா சாவு வெளையாட்டா?"

லோரி கடந்தபோது அதற்கும் கையாட்டினார். மிரட்டினாரா, வழியனுப்பினாரா, எனக்கு இன்றும் தெரியவில்லை. மூக்கைப் பொத்தியிருந்த அந்த டிரைவர் கையை எடுத்துப் பதிலுக்கு ஆட்டியதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.