தாழிக்குச் சொன்ன பொய்

கீரனூர்ப் பக்கத்தில் நூலுக்கு நீலம் போட்டுக் கொடுக்கும் வீடு எங்களுடையது. யுத்தத்தில் சீமைச் சாயப்பொடி வரத்து நின்றுபோக, மூடிக் கிடந்த அவுரித் தாழிக்குத் திடீரென்று மவுசு வந்தது. மண்ணில் கழுத்தளவு புதைத்த பெரிய பானை அது. உள்ளே அவுரி புளித்து நுரை எழும்பினால்தான் நூலில் நீலம் பிடிக்கும். எழும்பாவிட்டால், தாழி தூங்குகிறது என்பாள் என்னைப் பெற்ற ஆத்தா. அதை எழுப்ப எங்கள் வீட்டில் ஒரே வழி, பெரிய பொய்யாக ஒன்றைச் சொல்வது. உண்மைக்குத் தாழி அசையாது. சாயம் முடிந்ததும், கேட்டவர்களிடம் போய்ப் பொய்யைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். ஐந்து நாளாய்த் தாழி எழும்பாத எரிச்சலில், கொல்லைக்கு வந்த மீமிசல் கருவாட்டுக்காரியிடம், ரங்கூனுக்குப் போன என் அண்ணன் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டேன். ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து அவனிடமிருந்து கடிதமே இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் தாழி பொங்கியது. ஆத்தா என்னை ஓங்கி அறைந்தாள். பிறகு நுரையைப் பார்த்துச் சிரித்தாள். பொங்கியதால் நான் சொன்னது பொய்தானாம், மகன் உயிரோடுதான் இருக்கிறானாம். பொய்யைத் திரும்ப வாங்கத் தெருமுனை வரை ஓடினேன். கருவாட்டுக்காரியைக் காணவில்லை.

நாலு மாதம் கழித்து, மூன்று நாளாகத் தாழி தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவளே வந்தாள். ரங்கூனிலிருந்து நடந்து வந்த ஒருவர் மீமிசலில் சொன்னாராம், கீரனூர்ப் பக்கத்துச் சாயக்காரப் பையன் வழியில் காய்ச்சலில் போய்விட்டான் என்று. இடது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்ததாம்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த நகம் அப்படித்தான். அதைப் பற்றி நான் கருவாட்டுக்காரியிடம் பேசியதே இல்லை.

அவள் போனதும் ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நகத்தையும் நீதானடி சொன்ன? ஒன் பொய்தானே ஊரு சுத்திட்டு வந்திருக்கு?"

அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"ஆமாத்தா. நாந்தான் சொன்னேன்."

எங்களுக்குப் பின்னால், உலையில் சோறு கொதி வருகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினோம். நுரை தாழியின் விளிம்பைத் தாண்டி மண்ணில் வழிந்துகொண்டிருந்தது. ஆத்தா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, தாழி ஓரத்தில் உட்கார்ந்தாள்.