சாதிக் பாயை அளந்த நாள்

வெள்ளிக்கிழமை காலை சாதிக் பாயின் மகள் போன் செய்தார். "சார், அத்தா மவுத்தாயிட்டாரு." தொடர்ந்து சொன்னார். "மாமா அடக்கம் பண்ண வுட மாட்டேங்கிறாரு. ஒங்க மிஷின எடுத்துக்கினு வாங்க சார்."

பாய் உத்திரமேரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். பைப் வாங்கப் போன என்னிடம், "இன்னாத்துக்கு சார் மண்ண நோண்டுறீங்க?" என்றார். கதிரியக்கப் பொருள் மண்ணில் விழுந்தால் எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற ஆராய்ச்சி என்றேன். மறுமாதமே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்துவிட்டார். கதிர்வீச்சு அளக்கும் கருவியை எங்கு வைப்பதற்கும் முன்னால் தம் உள்ளங்கையில் வைப்பார். "மொதல்ல நம்மள அளந்துக்கணும் சார். அப்பாலதான் ஊரான் நெலம்."

மானாம்பதியில் ஒருமுறை விவசாயிகளுக்கு அவரே விளக்கினார். ஒரு பைப்பில் ஏரிக் களிமண், இன்னொன்றில் செய்யாற்று மணல். இரண்டிலும் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினார். மணலில் நீலம் உடனே கீழே சொட்டியது. "கதிர்வீசுற சீசியமும் இப்டித்தான். களி புடிச்சி வச்சிக்கும். மணலு வுட்டுடும், கெணத்துக்கே பூடும்." நம் பக்கத்து மண்ணில் அப்படி எதுவும் இல்லை, பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் ஊர் மறந்துவிட்டது.

பிறகு அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மண்ணை நோண்டியதால் வந்தது என்று ஊரே பேசியது. இல்லை என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்தேன்.

வீட்டு வாசலில் அவருடைய மைத்துனர் அழுதுகொண்டு நின்றார். பாயைப் புதைக்க வேண்டிய கபர்ஸ்தானுக்கு அடுத்த கிணறு அவருடையது. "அது மணல் பூமி சார். மணலு வுட்டுடும்னு மச்சானே சொன்னாரு. எம் பேரப்பசங்க குடிக்கிற தண்ணி. அளந்து காட்டுங்க, நானே தோள் குடுக்குறேன்."

எவ்வளவோ வாதாடினேன். மதியம் நெருங்கியது. வேறு வழியில்லாமல் கருவியை எடுத்தேன். முதலில் என் உள்ளங்கை. பிறகு சுவர். அப்புறம் உடலைச் சுற்றியிருந்த கஃபன் துணிக்கு மேல், பாயின் மார்பு. மூன்றிலும் ஒரே மாதிரி, விட்டுவிட்டு, எங்கும் கேட்கும் அதே டிக் டிக். மைத்துனர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து அடக்கம் செய்தோம். தோள் கொடுத்தவர்களில் அவர்தான் முதல் ஆள்.

பாய், அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. உங்கள் கூடவே மண் அள்ளியவன் நான். எல்லாம் தெரிந்தவன். ஆனாலும் கருவி உங்கள் மார்பைத் தொட்டபோது, அது அதிகமாகக் கத்திவிடுமோ என்று நானும் பயந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.