தோள் வரை தூக்கிய கை

என் மருமகள் ஆசிரியை. அடிக்கவும் கூடாது, வகுப்பில் சத்தமும் வரக் கூடாது என்றால் எப்படி மாமா என்று நேற்றுக் கேட்டாள். அதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஒரே ஆண்டில் இரண்டு விதத்தையும் பார்த்தவன் நான். இன்னும் விடை தெரியவில்லை.

நெய்வேலியில் ஐந்தாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பேர், ஏழு பெஞ்சு. முதலில் இருந்த வாத்தியார் பிரம்புக்காரர். முதல் பெஞ்சில் தொடங்கி வரிசையாக வாய்ப்பாடு கேட்பார். தவறினால் ஓர் அடி. நான் இருபத்தெட்டாவது. இருபதைத் தாண்டும்போதே உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவேன். ஆனால் என் முறை வராமல் ஒரு நாளும் போனதில்லை.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போய், ஒரு டீச்சர் வந்தார். வந்த அன்றே பிரம்பை ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்.

"இனிமே யாரும் பயப்பட வேணாம். தெரிஞ்சவங்க கை தூக்குங்க, போதும்."

வகுப்பு சந்தையாகிவிட்டது. "டீச்சர், நானு! டீச்சர், நானு!" என்று பெஞ்சின் மேலேயே ஏறினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, கத்தியவர்களைக் கேட்டார்.

எனக்குக் கத்த வராது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெரும்பாலும் நைட் ஷிப்ட். விளக்கு வைக்கும்வரை தூங்குவார். இரண்டறை குவார்ட்டர்ஸில் கரண்டி கூட ஓசைப்படக் கூடாது. அம்மாவும் நானும் கையாலேயே பேசிக்கொள்வோம். விரல்களைக் குவித்தால் சோறு. கட்டைவிரலை நீட்டினால் தண்ணீர். அப்படிப் பழகிய கை வகுப்பில் தோள் வரைதான் எழுந்தது. விடை தெரிந்திருந்தும் டீச்சர் என்னை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பிரம்புக்கு நான் ஏங்கினேன் என்றால் மருமகள் நம்புவாளா?

ஒரு நாள் பாடம் நடக்கும்போதே எழுந்து வராந்தாவில் போய் நின்றேன். யாராவது தேடி வந்து இழுத்துப் போகட்டும் என்று காத்திருந்தேன். உள்ளே ஒரே கூச்சல். கீழே உதிர்ந்திருந்த கொன்றைப் பூக்களை எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியபோது மணி அடித்தது. பையை எடுக்க உள்ளே போனபோது டீச்சர் என் கன்னத்தைத் தட்டினார்.

"இந்த கிளாஸ்ல எனக்குத் தொந்தரவே தராத புள்ள நீதாண்டா."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்து, அப்பா ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இஸ்கூல்ல இன்னிக்கு இன்னாடா நடந்துச்சு?"

நான் உள்ளங்கையை விரித்து இரண்டு முறை ஆட்டினேன். அப்பாவுக்குப் புரியவில்லை. சமையலறையிலிருந்து அம்மாதான் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லேன்றான்."

அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன்டா கைய ஆட்டுற? நான் முழிச்சிக்கினுதான இருக்கேன். வாயத் தொறந்து பேசுடா."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"கத்துடா. ஒரே ஒரு வாட்டி கத்து."

தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அப்பா ஒரு காலில் மட்டும் ஷூவோடு, என் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஹாரனும் அடித்து ஓய்ந்து, பஸ் போய்விட்டது.

பஸ்ஸைத் தவறவிட்டதற்காகத்தான் அவர் கண் கலங்கியது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.