மருமகன் நடிப்பதாகச் சொன்ன ஊருக்குப் போய் வந்தது

கடந்த ஜனவரியில் நான் சிட்னி மெரிலேண்ட்ஸிலிருந்து வரிண்டாவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் மருமகன் நிமலன் அங்கே உண்மையில் என்னதான் செய்கிறார் என்று பார்க்கப் போனேன். ஆனாலும் பாதை, நேரம், செலவு எல்லாம் ஞாபகத்தில் இருப்பதால், அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். போன முறை மெல்பேர்ன் ஸ்பிரிங்வேல் சந்தை பற்றி எழுதியபோது "அன்ரி, முருங்கைக்காய் விலை பிழை" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். விலை சரி. அவருடைய பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வரிண்டா ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். ஒவ்வொரு கோடையிலும் ஒரு இசைநாடகக் குழு ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், அங்கே வந்து தங்கும். மூன்று நாடகங்கள், ஒவ்வொன்றும் இரண்டு கிழமை. ஒன்றை மாலையில் மேடையேற்றிக்கொண்டே அடுத்ததைக் காலையில் ஒத்திகை பார்ப்பார்கள். சிட்னி, மெல்பேர்ன் இரண்டிலிருந்தும் மாணவர்கள், வாத்திமார், பென்சன் எடுத்தவர்கள் என்று பலர் வருவார்கள். நாற்பத்தொன்பது வயதில், நகரசபையில் வீதி போடும் பொறியியலாளரான எங்கள் நிமலனும் தன் பாட்டை ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அரை நாள் லீவு எடுக்காத மனிதர், ஆறு கிழமை லீவு போட்டுவிட்டுப் போனார்.

மேடையில் பாடி நடிப்பதாகச் சொன்னார். ஆனால் அனுப்பிய படங்களில் ஆறு இருந்தது, பாலம் இருந்தது, இறைச்சி வைத்துச் சுட்ட பை இருந்தது. வேஷம் போட்ட படம் ஒன்றுகூட இல்லை. என் மகள் வதனி கேட்டால் "உடுப்பு இன்னும் தைக்கினம்" என்பார். மூன்று கிழமையாகவா ஒரு சட்டை தைப்பார்கள்? பிள்ளைகளோடு தான் வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வெயில் கூடிப்போச்சு, வரவேண்டாம் என்றார். அன்று வதனி குசினியில் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அவர் பொய் சொல்லுறார். என்ன பொய் எண்டுதான் தெரியேல்லை. வேறை ஆரும் எண்டால் நான் இந்த வீட்டிலை இருக்க மாட்டன்."

அவள் சொன்னால் செய்வாள். என் வயிற்றில் பிறந்தவள்.

எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பதினொரு வருடங்களுக்கு முன் என் கணவர் காலமானபோது, செத்தவீட்டு மண்டபத்தில் சடங்குக்குச் சுண்ணம் இடிக்கையில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாட வேண்டியவர் நிமலன்தான். தினமும் காலை ஆறு பத்துக்குக் குளியலறையில் பாடுகிறவர். அன்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் தூரத்து உறவு ஒருவர் தொலைபேசியைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசித்தார். அந்த மனிதர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் நிறம்கூட எனக்கு ஞாபகம். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலேயே இருந்து நிமலனுக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வதனியிடம் ஸ்பிரிங்வேலில் உள்ள என் தங்கச்சியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். மெரிலேண்ட்ஸ் நிலையத்தில் காலை 6.20. சென்ட்ரலில் மெல்பேர்ன் ரயில் 7.40. பென்சன்காரருக்குத் தரும் இலவசப் பயண வவுச்சருக்கும் பதிவுக் கட்டணம் பத்து டொலர் எடுத்தார்கள். ஜன்னல் பக்கம் வேண்டுமென்று முன்பே கேளுங்கள். நான் கேட்டும் எனக்கு நடைபாதைப் பக்கம்தான் கிடைத்தது. ஜன்னலோரம் இருந்த பெண் ஏழரை மணி நேரமும் நித்திரை. பார்க்காதவளுக்கு எதற்கு ஜன்னல்? சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ரயிலில் விற்கும் சாண்ட்விச்சில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

மெல்பேர்னுக்குப் போகும் வழியில் அல்பரியில் 3.15க்கு இறங்கினேன். வெளியே முப்பத்தொன்பது பாகை வெயில். வரிண்டா அங்கிருந்து ஐம்பத்திரண்டு கிலோமீற்றர், பஸ் நான்கு மணிக்கு, ஆறு டொலர் நாற்பது சதம். ஓட்டுநர் தமிழ்நாட்டுப் பையன்.

"எங்க பாட்டி போகணும்? நாடகம் பாக்கவா?"

"ஓம் தம்பி."

"சூப்பர். அங்க நம்மாளு ஒருத்தர் இருக்காரு, தெரியுமா?"

"அப்பிடியோ? என்ன வேஷம் கட்டுறார்?"

"அதான் தெரியல. போன வாரம் நானும் போய்ப் பாத்தேன், மேடையில அவரக் காணோம். ஆனா தினம் பாக்கிறேன், பேம்னு ஒரு லேடியோட சிவப்புக் கார்ல வருவாரு, போவாரு." கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "நீங்க அவருக்கு உறவா?"

"இல்லை" என்றேன். எனக்கு வேர்த்தது. பஸ்ஸில் குளிரூட்டி வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

மோட்டல் ஒரு இரவுக்கு நூற்றிருபத்தெட்டு டொலர். சுத்தம். தண்ணி சுடவைக்கக் கேத்தல் உண்டு. எனக்கு வேண்டியது வேறு: அந்த அறையின் ஜன்னலிலிருந்து நகர மண்டபத்தின் பக்கவாசல் தெரியும். ஐந்தரைக்கு ஒரு சிவப்புக் கார் வந்தது. முதலில் நிமலன் இறங்கினார். பிறகு மஞ்சள் தலைமயிரும் பெரிய தொப்பியுமாக ஒருத்தி இறங்கி, அவருடைய சேர்ட் கொலரைச் சரிசெய்து, முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். பதினேழு வருடமாக என் மகள் அயர்ன் பண்ணிக் கொடுக்கும் கொலர். அன்று நாடகத்துக்கு ரிக்கற் முடிந்துவிட்டது. நான் கொண்டுபோன புளிச்சாதத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை பகல் காட்சி இரண்டு மணிக்கு. பென்சன்காரருக்கு முப்பத்திரண்டு டொலர். ரிக்கற் மேசையில் இருந்தவள் அதே மஞ்சள் தலைமயிர்க்காரி, பேம். கிட்டப் பார்த்தபோது என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். கையில் ஊன்றுகோல். "வாங்கோ, வாங்கோ" என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரை தந்தாள். வயதைப் பார்த்துச் சந்தேகத்தை விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை.

கதை ஆற்றில் படகு ஓட்டுகிறவனும் தபால்காரியும் காதலிப்பது. உடுப்புகள் நன்றாகத் தைத்திருந்தார்கள். மேடையில் மொத்தம் பதினேழு பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தாடி ஒட்டியவன், மீசை வைத்தவன், குடத்துக்குப் பின்னால் குனிந்தவன் எல்லாரையும் பார்த்தேன். நிமலன் இல்லை. கையில் தந்த தாளில் நடிகர்களின் படங்கள் இருந்தன, அதிலும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், வெளிச்சம் பிடிப்பவர்களின் பெயர்களோடு அவருடைய பெயரும் சின்ன எழுத்தில் இருந்தது. அப்படியானால் மூன்று கிழமையாகச் சொன்னது பொய். நாங்கள் நினைத்தது சரி. இடைவேளையில் தேத்தண்ணியும் ஸ்கோன் பணிசும் ஏழு டொலருக்கு வாங்கினேன், வாயில் வைக்க முடியவில்லை. வதனிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் படகோட்டி தனியே நின்று ஒரு மெதுவான பாட்டைத் தொடங்கினான். இருபத்தைந்து வயதுப் பையன், மெல்பேர்ன்காரன். இரண்டு வரிக்குள் என் கை ஸ்கோனை விட்டுவிட்டது. வாய் அவனுடையது. குரல் அவனுடையது இல்லை. மேலே போகுமுன் ஒரு சின்ன இழுப்பு, ஷவர் தண்ணீரை வாயிலிருந்து துப்புவதற்கு நிறுத்துகிற இழுப்பு. பதினொரு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிடந்து கேட்ட குரல் அது.

எழுந்தேன். பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒடுங்கிய வழியில் போனேன். கயிறுகள், தொப்பிகள், ஒரு பொய்ப் படகு. மூலையில் கறுப்புத் திரை போட்ட, தொலைபேசிக் கூண்டு மாதிரி ஒரு பெட்டி. உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு என்னை மறிக்க ஓடி வந்தாள். அவள் வருமுன் நான் திரையை இழுத்துவிட்டேன்.

காதில் ஹெட்போன் மாட்டியபடி, ஒலிவாங்கிக்கு முன்னால், நிமலன் தனியே நின்றார். என்னைக் கண்டார். வாய் திறந்தபடி. சத்தம் நின்றது.

பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. இடுக்கால் மேடை தெரிந்தது. படகோட்டி கையை விரித்தபடி வாயை இரண்டு தரம் அசைத்துப் பார்த்தான். பிறகு சபைக்கு முதுகைக் காட்டி அழுகிற மாதிரித் தோளைக் குலுக்கினான், கெட்டிக்காரன். சபையில் யாரோ இருமினார்கள். நான் நிமலனின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம். செத்தவீட்டு மண்டபத்தில் புத்தகத்தோடு நின்ற அதே முகம், அதே கண். அன்றும் அவருக்கு மிகக் கிட்ட, நேருக்கு நேர் நின்றவள் நான்தான்.

திரையை மூடினேன். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"நான் பாக்கேல்லை, தம்பி. பாடுங்கோ."

ஒரு மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. நான் சுவரில் இருந்த தீயணைக்கும் கருவியையே பார்த்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்தபடியே நின்றாள், நான் ஓடிவிடுவேன் என்ற மாதிரி.

நாடகம் முடிந்ததும் மண்டபத்துக் குசினியில் மேசைக்கு எதிரே அவர் உட்கார்ந்தார்.

"மாமி, ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"ஸ்பிரிங்வேலுக்குப் போற வழியிலை இறங்கினனான்."

"இது வழியிலை இல்லையே மாமி. ஐம்பது கிலோமீற்றர் உள்ளுக்கை."

"அதை விடுங்கோ. அந்தச் சிவப்புக் கார் என்ன?"

"பேமின்ரை வீட்டிலைதான் எனக்கு அறை. நடிக்க வாறவைக்கு இந்த ஊராக்கள்தான் வீடு குடுக்கிறது. எல்லாரையும் அவதான் ஏத்தி இறக்குறவ." தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "முதல் கிழமை நானும் மேடையிலைதான் நிண்டனான். ஆக்களைக் கண்டவுடனை தொண்டை அடைச்சுப் போட்டுது. வீட்டுக்கு அனுப்பப் போகினம் எண்டு நினைச்சன். பேம்தான் பெட்டிக்குள்ளை நிண்டு பாடிப் பாரும் எண்டு சொன்னவ. மேடையிலை பாடுறவைக்குக் குரல் போதாட்டி, இந்தப் பெட்டியிலை நிண்டு சேர்ந்து பாடுறது வழக்கமாம். இப்ப கதாநாயகனுக்குத் தொண்டை கட்டி நாலு நாள். அவன்ரை பாட்டு முழுக்க நான்தான்."

"இதை வதனிக்குச் சொல்லுறதுக்கு என்ன?"

"ஆறு கிழமை லீவு எடுத்து, அவளையும் பிள்ளையளையும் விட்டுட்டு வந்து, பெட்டிக்குள்ளை ஒளிச்சு நிக்கிறன் எண்டு எப்பிடி மாமி சொல்லுறது?"

"அவள் அங்கை வீட்டை விட்டுப் போகப் பெட்டி கட்டப் போறாள். அது தெரியுமோ உங்களுக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி இருக்கும், நீங்களே சொல்லுங்கோ என்றேன். தொலைபேசியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார்.

"பெட்டிக்குள்ளை போய்க் கதையுங்கோ" என்றேன்.

போனார். திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றேன். முதலில் வதனி கத்துவது எனக்கே கேட்டது. பிறகு அவர் நிறுத்தாமல் கதைத்தார். பதினேழு வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. கடைசியில் அவள் "பாடிக் காட்டுங்கோ பாப்பம்" என்றிருக்க வேண்டும். உள்ளே பாட்டுத் தொடங்கியது. நான் தேத்தண்ணியைத் தேடிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த கிழமை வதனி பிள்ளைகளோடு காரில் போய் வந்தாள். மேடையை அல்ல, பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பொய் சொன்னதற்காக அவரோடு இன்னும் கோபம்தான். அது அவளுடைய கோபம், அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நான் சொன்ன பொய்க்காக ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வேலுக்கும் போனேன். அல்பரியிலிருந்து மெல்பேர்னுக்கு மதிய ரயில், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சந்தையில் முருங்கைக்காய் போன முறை நான் எழுதிய அதே விலை.

போகிறவர்களுக்கு: வெள்ளி, சனி மாலைக் காட்சிகளுக்கு ஒரு கிழமை முன்பே ரிக்கற் எடுங்கள், பகல் காட்சியில் இடம் கிடைக்கும். வரிண்டாவிலிருந்து ஞாயிறு ஒரே ஒரு பஸ், காலை 10.25. தொப்பியும் தண்ணியும் வேண்டும். ஓரக் கதிரை கேட்டு வாங்குங்கள். பாட்டு நடக்கும்போது திரைக்குப் பின்னால் போகாதீர்கள். அந்தப் பிழையை நான் ஒருத்தி செய்தது போதும்.

எங்கள் சொந்தக்காரரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. அடுத்த மாதம் என் கணவரின் ஆண்டுத் திவசம். இந்த முறை நிமலன் பாடுவார். கதிரைகளை எல்லாம் என் கணவரின் படத்தைப் பார்த்துப் போடப் போகிறேன். நிமலன் எல்லாருக்கும் பின்னால், குசினி வாசலில் நிற்பார். பாடும்போது யாராவது திரும்பி அவரைப் பார்த்தால், திரும்பினவரின் முகத்தை நான் மறக்க மாட்டேன்.