டொக்டர் சொன்னதில் பாதி

நகத்தில் வெள்ளைப் பூ விழுந்தால் புதுச்சட்டை வரும் என்பார்கள் எங்களூரில். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படிப்பிக்கச் சேர்ந்திருந்தேன். சுகாதாரப் புத்தகம் ஒன்று கைக்கு வந்திருந்தது. கண்டவர் கையையெல்லாம் பிடித்து, வெளிறிக் குழிந்த நகம் இரத்தக் குறைவு, நெளிந்த நகம் பழைய காயம் என்று சொல்லித் திரிந்தேன்.

"நீ வாத்தியாரோ, பரியாரியோ?" என்று பெரியம்மா நக்கலடித்தார். வைத்தியன் என்றதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையோடுதான் ஒருநாள் கிணற்றடியில் குஞ்சியம்மாவின் விரல்களைப் பார்த்தேன். என் சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா செத்தபின், ஊரில் கலியாணம், திவசம் எதற்கும் உழுந்து ஊறப்போட்டு அரைத்துக் கொடுத்துச் சீவித்தவர். நகக்கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. நகங்கள் பச்சையும் கறுப்புமாய், பாசி பிடித்த ஓடு போல.

"இது குட்டநோயாயும் இருக்கலாம்," என்றேன். மெல்லத்தான் சொன்னேன். கிணற்றடியில் மெல்லச் சொன்ன எது அங்கேயே நின்றிருக்கிறது?

அது நாலு வீட்டுப் பங்குக் கிணறு. அதில் ஒரு பங்கு குஞ்சியம்மாவுடையது. அடுத்த நாளே, தண்ணீர் அள்ளும் துலாக்கயிற்றைத் தொடவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். தன் பங்குத் தண்ணீருக்கே குடத்தை வைத்துவிட்டு எட்டி நின்று, யாராவது வார்க்கும்வரை காத்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. என் சொல் சரியா என்று அறியும் ஆசையும் இருந்தது. எது முந்தியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

டொக்டர் குண்டூசியால் விரல்களை ஒவ்வொன்றாய்க் குத்திப் பார்த்தார்.

"நோகுதோ?"

"நோகாமல் என்ன ஐயா, ஊசியெல்லோ."

டொக்டர் சிரித்துவிட்டார். "குட்டமெண்டால் உணர்ச்சி செத்திருக்கும். என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"உழுந்து அரைக்கிறனான்."

"அதுதான். ஓயாத ஈரம். தோல் ஊறி நகத்தை விட்டுக் கழலுது, அந்த இடைவெளியாலை கிருமி போகுது. ஆருக்கும் தொத்தாது. ஆறு மாதம் தண்ணியிலை கை வைக்காதேங்கோ, நல்ல நகம் வளரும்."

திரும்பி வந்தபோது கிணற்றடியில் மற்ற வீட்டார் எல்லாரும் நின்றார்கள்.

"டொக்டர் என்னவாம்?" என்றார் பெரியம்மா.

நான் பிழைவிட்டுவிட்டேன் என்ற ஒரு வசனம் போதும். நாக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது, துலாவைச் சுற்றும் காகம் போல, இறங்கவில்லை.

"தண்ணியிலை கை வைக்கக்கூடாதாம்."

"நான் அப்பவே நினைச்சனான்," என்று பெரியம்மா கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குஞ்சியம்மா என்னைப் பார்த்தார். "ஓம், உப்பிடித்தான் சொன்னவர்," என்றார். மிச்சப் பாதியைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு உழுந்து அரைக்க அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. கை காய்ந்தது. மாரிமழை வந்து போனது. நகங்கள் அடியிலிருந்து தெளிந்து, நுங்கின் நிறத்தில் வளர்ந்தன. நாள்தோறும் அவர் குடத்துக்கு வார்த்தவன் நான். நல்ல பிள்ளை என்றது ஊர்.

ஒரு காலை பத்து விரல்களையும் என் முன்னே விரித்தார்.

"பார் தம்பி, வடிவாய் வந்திட்டுது. இனி நான் கயிறு பிடிக்கலாமோ?"

வேலிக்கு அப்பால் பெரியம்மா நின்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், குஞ்சியம்மா."

அவர் விரல்களை மெல்ல மடக்கினார். பிறகு குடத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எட்டிப் போய் நின்றார்.