நீலப்பூக் குண்டின் முத்திரை

வாயருகே வைத்து ஊதினால் கண்ணாடி பனித்துக்கொள்ளும். அந்தப் பனி விலகும்போது, அமிலத்தால் பொறித்த மங்கலான முத்திரை அடிப்புறத்தில் தெரிந்து மறையும். எங்கள் வீட்டில் "குண்டு" என்று வழங்கிய கண்ணாடிப் பேப்பர் வெயிட்டுகளைச் சேர்த்துவந்த அப்பா, எந்தப் பட்டறையில் செய்தது என்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பார். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தபோது ஓர் அலமாரித் தட்டு முழுக்கக் குண்டுகள். சண்டை வந்தது ஒன்றால்தான்: உள்ளே நீலப்பூ விரிந்த குண்டு.

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியதாக அப்பா சொன்னார். அம்மாவின் தம்பியான சிதம்பரத்து மாமாவோ, அது அம்மாவைப் பெற்ற தாத்தாவின் மேசையிலிருந்து காணாமல் போன குண்டு என்றார். தாத்தாவுடையதில் ஓர் எழுத்து பொறித்திருக்குமாம். இதில் இருப்பது நட்சத்திரம் என்று அப்பா சாதித்தார். எழுத்து என்றால் அப்பா திருடர். நட்சத்திரம் என்றால் மாமா அவமானப்பட்டுத் திரும்புவார். எப்படியானாலும் அவர் இனி எங்கள் படியேறப் போவதில்லை. தை மாதம் தம்பிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்லாமல் எப்படி என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முத்திரையை நேரில் பார்க்க மாமா வந்தது விஜயதசமியன்று. முந்தின நாள் பூஜையில் வைத்த சந்தனம் குண்டின் தலையில் காய்ந்திருந்ததால் நாளில் எனக்கு ஐயமில்லை. தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் நின்றார். அப்பா குண்டைக் கவிழ்த்து ஊதினார். ஒன்றுமில்லை. மறுபடி ஊதினார். அவர் முகம் வெளுத்தது.

"அழிச்சிட்டீங்களா மச்சான்?" மாமாவின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான்டா அழிச்சேன்" என்று அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "பூசைக்குப் பித்தள சாமானோட இதையும் போட்டு, புளியும் செங்கத்தூளும் வச்சுத் தேச்சேன். அடியில அழுக்காட்டம் ஒட்டிக்கினு இருந்துச்சு. போற மட்டும் தேச்சேன்."

"எழுத்தா, நட்சத்திரமா? அதச் சொல்லுக்கா!"

"அழுக்க எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கினா தேய்ப்பாங்க?"

அப்பா குண்டைத் துடைத்து மாமாவின் பையில் போட்டார். "எடுத்துக்கினு போ. புள்ளைக்கு மடி குடுக்க வந்துடு."

"முத்திர இல்லாத குண்ட வச்சிக்கினு என்னா பண்றது? ஊறுகா ஜாடி மேல பாரம் வைக்கவா?" என்றார் மாமா. ஆனால் பையிலிருந்து அதை வெளியே எடுக்கவில்லை. அம்மா இலை போடச் சொல்லி எனக்குக் கண்காட்டினாள். தை மாதம் தம்பி வீறிட்டு அழுதது மாமா மடியில்தான்.

இன்று அவர்கள் மூவருமே இல்லை; பூஜைக்குச் செங்கல் தூள் இடிக்கும் வீடும் எனக்குத் தெரிந்து இல்லை. சென்ற வாரம் சிதம்பரத்திலிருந்து மாமா மகள் கைப்பேசியில் அந்தக் குண்டின் படம் அனுப்பியிருந்தாள்: "அண்ணி, அடியில சுத்திச் சுத்திக் கோடா இருக்கே, இது யாரோட முத்திர?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டம் வட்டமாக, ஓரிடம் விடாமல் கீறல்கள்.

"உங்க அத்தையோடது" என்று பதில் போட்டேன்.