விபூதி ரோடு போட்ட பேராசிரியர்

பேராசிரியர் அஞ்சலை காலமான செய்தியை எனக்குச் சொன்னவர், அவரை ஆண்டுக்கணக்காகக் கேலி செய்த கடலூர்ச் சாலைப் பொறியாளர். "மேடம் தவறிட்டாங்க. இரங்கல் கூட்டம் போடறோம். பேனருக்கு நல்ல போட்டோவா ஒண்ணு குடுங்க" என்றார். வருத்தத்தைவிடப் பேனர் அவசரம்தான் குரலில் அதிகம்.

நானும் அஞ்சலை அவர்களும் சிதம்பரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரே துறையில் பாடம் நடத்தினோம். அவர் கடலூர்க் கடற்கரைக் குப்பமொன்றில் பிறந்து, படிப்பால் மேலே வந்தவர். 2004இல் எங்களிடம் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே அரிசி ஆலைகளில் கொட்டிக் கிடந்த உமிச் சாம்பலை மொபெட்டில் மூட்டையாக ஏற்றிவரத் தொடங்கினார். தாரோடு கலக்கும் கல்தூளுக்குப் பதில் அந்தச் சாம்பலைக் கலப்பது அவர் திட்டம். "காத்துல பறந்து ஜனங்க கண்ணுல விழுது. அத ரோட்டுக்குள்ள பூட்டி வெச்சா என்ன?" என்பார்.

கடலூரில் அனுமதி கேட்கப் போனபோது நானும் உடனிருந்தேன். "தாருல விபூதி கலக்குறீங்களாமே மேடம்?" என்றார் பொறியாளர். அறையே சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. "விபூதி நீங்க போட்ட ரோட்டுக்குதான் சார் வேணும், காரியம் பண்ண. இது உமிச் சாம்பல்."

அன்றிலிருந்து அதற்கு விபூதி ரோடு என்றே பெயர். ஒருவழியாகச் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கிளைச் சாலையில் கொஞ்ச தூரம் போட அனுமதி கிடைத்தது. மூன்று மழைக்காலம் தாங்கினால் மாவட்டம் முழுவதும் போடலாம் என்பது நிபந்தனை. இரண்டு மழை போயிற்று. முன்னும் பின்னும் வழக்கமான தார் குழியாகிக் கிடக்க, இவர் பகுதி மட்டும் அசையவில்லை.

மூன்றாவது மழைக்கு முன் ஒரு மந்திரி அவ்வழியே கல்யாணத்துக்கு வருவதாக இருந்தது. நமது சாலைத்துறை மேதைகள் குழி எது, நல்ல சாலை எது என்று பாராமல் எல்லாவற்றின் மீதும் புதுத் தாரை ஊற்றினார்கள். சோதனைப் பகுதி என்று எழுதி நட்டிருந்த பலகையைக்கூட நட்டவர்களே பிடுங்கினார்கள். இதற்கும் மூளை வேண்டும், அதைக் கழற்றி வைக்கவாவது.

அஞ்சலை கடலூருக்கு ஓடினார்; நானும் கூடப் போனேன். அதே பொறியாளர் நிதானமாகச் சொன்னார்: "மூணாவது மழய உங்க ரோடு பாக்கலியே மேடம். எப்படி ஒத்துக்கறது?"

"மூடுனது நீங்கதான சார்?"

"ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

திரும்பும் பேருந்தில் அவர் அழுதார். எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அதன்பின் அஞ்சலை நோயில் விழுந்து, வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை.

இரங்கல் கூட்டத்தில் அந்தப் பொறியாளர் "தொலைநோக்காளர்" என்று முழங்கினார். நான் பாதியில் எழுந்து அந்தக் கிளைச் சாலைக்குப் போனேன். கடைசியாகப் பெய்த மழையில் மந்திரிக்குப் போட்ட தார் அப்பளமாகப் பெயர்ந்து ஓரத்தில் கிடந்தது. அடியிலிருந்த அஞ்சலையின் சாலைமீது டவுன் பஸ் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது.

மேடம், மூன்றாவது மழையையும் உங்கள் ரோடு பார்த்துவிட்டது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.